பழி பேட்டரிக்கு, பிழை எர்த்துக்கு

சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது, செல்ஃப் சுற்றவில்லை. பத்து வயதைத் தாண்டிய பிக்கப் வண்டியில் இது நடந்தால் அடுத்து என்ன ஆகும் என்பது ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. நாலு பேர் பின்னாலிருந்து தள்ளி, இரண்டாவது கியரில் வண்டியைக் கிளப்பி, நேராகப் பேட்டரிக் கடைக்கு விடுவார்கள். புது பேட்டரி ஏறியதும் செல்ஃப் ஜம்மென்று அடிக்கும். நாலைந்து மாதத்தில் மறுபடி அதே 'டக்'. இந்த முறை செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன், புஷ் எல்லாம் மாற்றுவார்கள். அதற்கும் அடங்காவிட்டால் டைனமோ. ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் செலவு. வண்டி நிற்கும் நாளின் வாடகை நட்டம் தனி. டாடா 207 ஆகட்டும், பொலேரோ பிக்கப் ஆகட்டும், 2005-ல் சந்தைக்கு வந்து 'குட்டி யானை' என்று பெயர் வாங்கிய டாடா ஏஸ் ஆகட்டும், பழைய லோடு வண்டியில் மின்கோளாறு வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பாகங்களை அல்ல, பாகங்கள் ஒன்றோடொன்று சேரும் இடங்களை. அதிலும் குறிப்பாக, யாரும் எட்டிப் பார்க்காத எர்த் பக்கத்தை. லோடு கொடுத்து வோல்ட்டேஜை அளந்து பார்க்காமல் ஒரு பாகத்தைக்கூடக் காசு கொடுத்து வாங்கக் கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

இதற்கு முதல் ஆதாரம் வண்டியின் அமைப்பிலேயே இருக்கிறது. வீட்டு மின்விளக்குக்கு இரண்டு ஒயர் போகிறது. வண்டியில் பெரும்பாலும் ஒன்றுதான். திரும்பி வரும் வழி வண்டியின் இரும்புதான், அதைத்தான் எர்த் என்கிறோம். பின்பக்கத்து ஒரு விளக்கை எடுத்துக்கொள்வோம். பேட்டரி முனையில் கிளாம்ப், பியூஸின் இரண்டு கால்கள், சுவிட்சுக்குள் தொடும் பித்தளை, ஒயரிங்கின் நடுவே இரண்டு மூன்று கப்ளர், பல்ப் ஹோல்டர், ஹோல்டரிலிருந்து லோடு பாடிக்கு ஒரு போல்ட், லோடு பாடியிலிருந்து சேஸுக்கு இன்னொன்று, சேஸிலிருந்து பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கு ஒரு பட்டை, அதன் இரண்டு நுனிகள். ஒரே ஒரு பல்ப் எரிய மின்சாரம் ஏறக்குறைய ஒரு டஜன் இணைப்புகளைத் தாண்ட வேண்டும். பாகங்கள் என்று எண்ணினால் பேட்டரி, பியூஸ், சுவிட்ச், பல்ப், அவ்வளவுதான். பாகங்கள் பெரும்பாலும் மூடிய கூட்டுக்குள் இருப்பவை. இணைப்புகளோ மழைத் தண்ணீர், சேறு, புழுதி, அதிர்வு எல்லாவற்றையும் நேரடியாக வாங்கிக்கொள்பவை. மீன் ஏற்றும் வண்டியென்றால் ஐஸ் உருகி வழியும் உப்புத் தண்ணீர் வேறு சேஸ் முழுக்க ஓடுகிறது. எண்ணிக்கையிலும் அதிகம், பாதுகாப்பும் குறைவு என்றால் எது முதலில் கெடும் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

இந்தச் சங்கிலியில் அதிகம் புறக்கணிக்கப்படுவது இன்ஜின் எர்த். இன்ஜின் ரப்பர் மவுன்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் இன்ஜினையும் சேஸையும் பின்னல் செம்புப் பட்டை ஒன்று இணைக்கிறது, அல்லது பேட்டரி நெகட்டிவிலிருந்து ஒரு தடித்த கேபிள் நேரே இன்ஜினுக்கோ கியர்பாக்ஸுக்கோ வருகிறது. கிளட்ச் வேலைக்குக் கியர்பாக்ஸை இறக்கும்போது இந்தப் பட்டையைக் கழற்றுவார்கள். திரும்பப் போட மறப்பதும், கிரீஸும் துருவும் படிந்த பரப்பின் மேலேயே முடுக்கிவிடுவதும் உண்டு. பட்டை இல்லாத வண்டியிலும் செல்ஃப் சில சமயம் சுற்றும் என்பதுதான் வேடிக்கை. மின்சாரம் வேறு வழி தேடிக்கொள்கிறது: ஆக்சிலேட்டர் கேபிள், கியர் கேபிள், ஸ்பீடாமீட்டர் கேபிள் என்று இன்ஜினையும் பாடியையும் தொடும் எந்த இரும்பு வழியாகவும் ஓடப் பார்க்கும். பெரிய மின்னோட்டத்தைத் தாங்க அவை செய்யப்படவில்லை. ஆக்சிலேட்டர் கேபிளின் மேலுறை அடிக்கடி உருகிப் போகிற வண்டியில் கேபிளை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் அடுத்த கேபிளும் உருகத்தான் செய்யும்.

ஒரு சின்னத் துரு இவ்வளவு செய்யுமா என்று கேட்பவர்களுக்குக் கணக்கு எளிது. ஜெர்மானிய இயற்பியலாளர் கெயார்க் ஓம் 1827-ல் வெளியிட்ட விதியின்படி, ஓர் இணைப்பில் இழக்கும் வோல்ட்டேஜ் என்பது அதன் வழியே ஓடும் ஆம்பியரை அதன் தடையால் பெருக்கினால் வருவது. டீசல் இன்ஜினைச் சுற்ற செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியரும் அதற்கு மேலும் இழுக்கும். கிளாம்ப்பில் ஓம்மில் நூறில் ஒரு பங்கு, அதாவது 0.01 ஓம் தடை இருந்தால் போதும், ஒன்றரை வோல்ட் அங்கேயே காணாமல் போகும். இன்னோர் இடத்தில் அதே அளவு துரு இருந்தால் மூன்று வோல்ட். லோடில் பத்தரை வோல்ட்டுக்கு இறங்கியிருக்கும் நல்ல பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போய்ச் சேர்வது ஏழரைதான். மோட்டார் சுற்றாது, பேட்டரி மேல் பழி விழும். காணாமல் போன வோல்ட்டேஜ் சூடாக மாறுகிறது என்பதால் குற்றவாளியைச் சில சமயம் விரலே கண்டுபிடித்துவிடும். இரண்டு மூன்று முறை செல்ஃப் அடித்துவிட்டு, சாவியை அணைத்து, கிளாம்ப்களையும் கேபிள் நுனிகளையும் தொட்டுப் பாருங்கள். எது சுடுகிறதோ, தடை அங்கே இருக்கிறது.

ஹெட்லைட்டில் கணக்கு வேறு விதமாகக் கடிக்கிறது. ஹாலஜன் பல்ப்பின் வெளிச்சம் வோல்ட்டேஜோடு ஒரே விகிதத்தில் குறைவதில்லை, அதைவிட வேகமாகக் குறைகிறது. வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். பழைய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டின் முழு மின்னோட்டமும் ஸ்டீயரிங் பக்கத்து சுவிட்ச் வழியாகவே போய் வருகிறது. சுவிட்சுக்குள் கருகிய பித்தளையிலும் ரேடியேட்டர் பக்கத்து எர்த் போல்ட்டிலும் ஒரு வோல்ட்டுக்கு மேல் தொலைவது சாதாரணம். 'லைட் மங்கல்' என்று 100 வாட் பல்ப் வாங்கிப் போடுவது இதற்கு மருந்தல்ல. 55 வாட் பல்ப் ஏறக்குறைய நாலரை ஆம்பியர் இழுக்கும். 100 வாட் எட்டுக்கு மேல் இழுக்கும். ஆம்பியர் கூடினால் அதே துருவில் இழப்பும் கூடும். சூடு இன்னும் மோசம், ஆம்பியர் இரட்டித்தால் அது நான்கு மடங்காகும். சுவிட்சும் கப்ளரும் பழுப்பேறி உருகுவது இப்படித்தான். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர் இழுத்து, பியூஸோடு ரிலே வைத்து, எர்த்தைச் சுரண்டிப் போட்டால் பழைய 55 வாட் பல்ப்பே கண் கூசும்.

சரி, அளப்பது எப்படி? சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். டி.சி. 20 வோல்ட் அளவில் வைத்துக்கொள்ள வேண்டும். வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடாதபடி ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்தோ டீசலை நிறுத்தும் சோலினாய்டின் ஒயரைக் கழற்றிவிட்டோ, ஒருவர் செல்ஃப் அடிக்க வேண்டும். இன்னொருவர் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயத் தண்டின் நடுவில் குத்திப் பிடிக்க வேண்டும். கிளாம்ப்பில் அல்ல, தண்டிலேயே. மறுமுனை இன்ஜினின் சுத்தமான இரும்பில். செல்ஃப் அடிக்கும் அந்தச் சில விநாடிகளில் மீட்டர் 0.2, 0.3 வோல்ட் காட்டினால் எர்த் பாதை நன்றாக இருக்கிறது. ஒரு வோல்ட்டை நெருங்கினால் அங்கேயே நோய். பிறகு பாசிட்டிவ் தண்டிலிருந்து செல்ஃப் மோட்டாரின் தடித்த ஸ்டட் வரை அதே போல அளக்க வேண்டும். அரை வோல்ட்டுக்குள் இருப்பது நல்லது. எந்தப் பக்கம் இழப்பு என்று தெரிந்தபின் முனையைப் படிப்படியாக நெருக்கிக்கொண்டே போனால், தண்டுக்கும் கிளாம்ப்புக்கும் இடையிலா, கிளாம்ப்புக்கும் கேபிளுக்கும் இடையிலா, கேபிள் நுனி வளையமான லக் கவ்விய இடத்திலா என்று விரலளவு இடத்துக்குள் குற்றவாளி சிக்கிவிடும். ஒரே உலோகத் துண்டு போலத் தெரியும் தண்டுக்கும் கிளாம்ப்புக்கும் நடுவே, லோடில் முக்கால் வோல்ட் நிற்பதை மீட்டரில் பார்த்தால்தான் நம்பத் தோன்றும். வெளியே வெள்ளைப் பூப்புகூட இருக்காது, உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய படலம்தான் இருக்கும்.

மீட்டர் எதற்கு, டெஸ்ட் லாம்ப் போதாதா என்று கேட்கலாம். மின்சாரம் வருகிறதா இல்லையா என்று பார்க்க டெஸ்ட் லாம்ப் அருமையான கருவி. எவ்வளவு வருகிறது என்பதை அது சொல்லாது. ஐந்து வாட் டெஸ்ட் லாம்ப் அரை ஆம்பியர்கூட இழுப்பதில்லை. ஹெட்லைட்டையே மங்கவைக்கும் இணைப்பு வழியாகவும் அது பளிச்சென்று எரியும். மீட்டரின் 'பீப்' சத்தம் இதைவிடப் பெரிய ஏமாற்று. கன்டினியூட்டி பார்க்கும்போது மீட்டர் செலுத்துவது மில்லி ஆம்பியர் கணக்கில் ஒரு துளி மின்சாரம். இழைகள் எல்லாம் அறுந்து ஒரே ஓர் இழை மிச்சமிருக்கும் எர்த் பட்டைக்கும் அது சந்தோஷமாக பீப் அடிக்கும். ஒற்றை மூங்கில் பாலத்தை ஆடு கடந்துவிட்டது என்பதற்காக லாரியை விட முடியுமா? அதனால்தான் லோடு கொடுத்து, வோல்ட்டேஜை அளக்கச் சொல்வது.

இந்த வாதத்துக்கு எதிரான வலுவான ஆதாரம், புது பேட்டரி போட்டதும் வண்டி நன்றாக ஓடியது என்பதுதான். கண்ணெதிரே நடந்ததை எப்படி மறுப்பது? மறுக்க வேண்டாம், ஏன் நடந்தது என்று பார்க்கலாம். பேட்டரி மாற்றும்போது கிளாம்ப்களைக் கழற்றியாக வேண்டும். கடைப் பையன் அவற்றை உப்புத்தாளால் தேய்த்து, புதுத் தண்டில் இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸோ வாசலினோ பூசுவார். நோயின் பாதி அங்கேயே தீர்ந்துவிட்டது. பெயர் புது பேட்டரிக்கு. மீதி எர்த் பட்டையில் இருந்தால், புது பேட்டரிக்குத் தெம்பு அதிகம் என்பதால் அந்த இழப்பையும் தாங்கிக்கொண்டு சில மாதம் இழுக்கும். தெம்பு குறையக் குறைய 'டக்' திரும்பி வரும். கழற்றிய பழைய பேட்டரி உண்மையிலேயே செத்திருந்தாலும் விசாரணை அங்கே முடிவதில்லை. டைனமோவின் முனையில் 14.2 வோல்ட் இருந்து, வழியில் 0.8 தொலைந்து, பேட்டரிக்கு 13.4 மட்டும் வந்து சேர்ந்தால் அது ஒருநாளும் முழுதாக சார்ஜ் ஏறாது. பாதி வயிற்றோடு கிடக்கும் ஈய பேட்டரியின் தகடுகளில் லெட் சல்ஃபேட் இறுகிப் படியும். அதன் ஆயுள் பாதியில் முடியும். செத்தது பேட்டரிதான், கொன்றது இணைப்பு. இன்ஜின் ஓடும்போது, ஹெட்லைட் போட்டுவிட்டு, டைனமோ பாசிட்டிவுக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் இடையே ஒருமுறை, டைனமோ கூட்டுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே ஒருமுறை அளந்தால் இது தெரிந்துவிடும்.

பாகங்கள் கெடவே கெடாது என்று யாரும் சொல்ல முடியாது. செல்ஃப் மோட்டாரின் கார்பன் தேயும், டைனமோவின் டயோடு போகும், பேட்டரிக்கும் ஆயுள் உண்டு. இந்த அளவைதான் பாகத்தின் மீதான தீர்ப்பையும் நியாயமாக்குகிறது. நிறுத்தி வைத்த நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.0 என்றால் சார்ஜ் கால்வாசிதான் மிச்சம். முழு சார்ஜில் இருந்தும் செல்ஃப் அடிக்கும்போது பேட்டரித் தண்டிலேயே 9.5-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியையோ, அளவுக்கு மீறி இழுக்கும் மோட்டாரையோ சந்தேகிக்கலாம். பேட்டரியில் 11 நிற்கிறது, மோட்டாரில் 8 என்றால் பாதை. மோட்டாரின் ஸ்டட்டுக்கும் கூட்டுக்கும் இடையே பத்துக்கு மேல் வந்தும் அது முனகினால் தயங்காமல் மோட்டாரைக் கழற்றலாம். நேரம் இல்லை என்பது பட்டறைக்காரர்களின் நியாயமான கவலை. வாசலில் நாலு வண்டி காத்திருக்கும், 'பாகம் மாற்றினேன்' என்றால் காசு கேட்கலாம், 'போல்ட்டைச் சுரண்டினேன்' என்றால் கேட்க முடியாது. ஆனால் மேலே சொன்ன அளவைகள் எல்லாம் சேர்ந்து பத்து நிமிட வேலை. செல்ஃப் மோட்டாரைக் கழற்றி மாட்டவே அதைவிட அதிகம் ஆகும். குறை அளப்பதில் இல்லை, கண்டுபிடித்ததற்குக் கூலி கொடுக்காத வாடிக்கையாளரிடம்தான் இருக்கிறது. பாகத்தின் விலைக்கு பில் கேட்கும் வண்டிக்காரர், நோய் கண்டதற்கும் ஒரு தொகை தர வேண்டும்.

எர்த் கெட்டால் வண்டி எப்படியெல்லாம் பேய் பிடித்தது போல ஆடும் என்பதற்குப் பின்விளக்கைவிட நல்ல உதாரணம் இல்லை. பிரேக்கை மிதித்தால் டேஷ்போர்டு விளக்கு லேசாக மினுங்கும். இண்டிகேட்டர் போட்டால் பார்க்கிங் விளக்கும் கூடவே கண் சிமிட்டும். பல்ப்பும் பிளாஷரும் சுவிட்சும் வரிசையாக மாற்றப்படும். நடப்பது இதுதான். பின்னால் இருக்கும் பல்ப்புக்குள் 21 வாட், 5 வாட் என இரண்டு இழைகள்; இரண்டுக்கும் பொதுவாக ஒரே எர்த். அந்த எர்த் போல்ட் துருப்பிடித்திருந்தால், பிரேக்கை மிதிக்கும்போது 21 வாட் இழை வழியாக வந்த மின்சாரத்துக்கு இறங்க இடமில்லை. அது 5 வாட் இழை வழியாகத் தலைகீழாக ஏறி, பார்க்கிங் ஒயரில் புகுந்து, முன்பக்க விளக்குகள், மீட்டர் விளக்கு என்று நல்ல எர்த் உள்ள எதையாவது தேடிப் போய் இறங்குகிறது. சோதனைக்கு ஒரு நீள ஒயர் போதும். ஒரு நுனியைப் பேட்டரி நெகட்டிவில் கட்டி, மறுநுனியைப் பல்ப் ஹோல்டரின் எர்த்தில் தொட்டால் பேய் உடனே ஓடிவிடும். நிரந்தர வைத்தியம், போல்ட்டைக் கழற்றி, இரும்பு பளபளக்கும் வரை சுரண்டி, பல் வாஷர் வைத்து முடுக்கி, அதற்குப் பிறகே மேலே பெயிண்ட்டோ கிரீஸோ பூசுவது. தகுதிச் சான்றுக்காக (எஃப்.சி.) பாடியைக் கழற்றி டிங்கரிங் செய்து பெயிண்ட் அடித்த வண்டியில் வந்த வாரமே விளக்குக் கோளாறு வந்தால், லக்குக்கு அடியில் பெயிண்ட் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது கடைசியில். பாசிட்டிவை முதலில் கழற்றப் போய் ஸ்பானர் பாடியைத் தொட்டால் அங்கேயே ஷார்ட். பியூஸ் விஷயத்திலும் ஒன்று: பியூஸ் காப்பது பாகத்தை அல்ல, ஒயரை. 15 ஆம்பியர் பியூஸ் அடிக்கடி போகிறதென்று 30 போடுவதும், சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாளைச் சுற்றுவதும் ஒயரையே பியூஸாக்கும் வேலை. தீ அங்கிருந்துதான் கிளம்பும்.

ராத்திரி நிறுத்தினால் காலையில் பேட்டரி இறங்கிப் போகும் வண்டிகளில் மட்டும் என் வாதம் கொஞ்சம் விலகிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இங்கே குற்றம் தடையில் இல்லை, ஒழுக்கில். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு நெகட்டிவ் கேபிளுக்கு நடுவே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் கோத்தால், 0.05 ஆம்பியருக்குள் இருப்பது இயல்பு. அரை ஆம்பியர் ஒழுகினால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-அவர்; 60 ஆம்பியர்-அவர் பேட்டரி இரண்டரை நாளில் பாதி காலி. மீட்டர் கோத்திருக்கும்போது செல்ஃப் மட்டும் அடிக்கக் கூடாது. பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினால் எந்தக் கிளை என்று தெரியும்; பெரும்பாலும் பிறகு மாட்டிய பாட்டுப் பெட்டியோ, ரிவர்ஸ் ஹாரனோ, எல்.இ.டி. சரமோதான். எல்லா பியூஸும் பிடுங்கியபின்னும் ஒழுகினால் டைனமோவின் பெரிய ஒயரைக் கழற்றிப் பார்க்கலாம். ஒழுக்கு நின்றால் டயோடு போய்விட்டது.

'இதெல்லாம் எதற்கு, ஒயரிங் செட்டையே புதிதாகப் போட்டுவிடலாமே' என்பது அடுத்த யோசனை. ஒயரின் மேலுறை வெயிலிலும் இன்ஜின் சூட்டிலும் காய்ந்து, மடக்கினால் நொறுங்குகிறதென்றால் போடத்தான் வேண்டும். எலி கடித்த வண்டிக்கும் அதுவே வழி. மற்ற வண்டிகளில் புது செட்டின் எர்த் லக்குகள் போய் உட்காரப்போவது அதே துருப்பிடித்த சேஸில். முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட்டுகள் மறுபடி முளைக்கும், ஏனென்றால் சித்திரை வெயிலில் டேப்பின் பசை இளகிக் கழன்றுவிடும். சரியான லக்கை சரியான கருவியால் கவ்வி, மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்ட ஜாயின்ட் பழைய செட்டிலும் வருடக்கணக்கில் நிற்கும்.

கடைசி ஆட்சேபம், புது வண்டிகளில் எல்லாம் கம்ப்யூட்டர், அங்கே மீட்டர் செல்லாது என்பது. 2017 ஏப்ரலில் நாடெங்கும் பி.எஸ். 4, 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதிகள் வந்தபின் டீசல் பிக்கப்பிலும் சென்சார்கள் பெருகிவிட்டது உண்மை. ஸ்கேனர் இல்லாமல் சில கோளாறுகளை அணுகவே முடியாது. ஆனால் அந்த சென்சார்கள் பல 5 வோல்ட்டில் வேலை செய்பவை. எர்த்தில் அரை வோல்ட் தொலைந்தால் பழைய வண்டியில் ஹாரன் கொஞ்சம் கம்மும், அவ்வளவுதான். இங்கே அது சென்சாரின் கணக்கில் பத்தில் ஒரு பங்கு பிழை. ஸ்கேனர் அந்த சென்சாரின் பெயரைச் சொல்லும், துருப்பிடித்த போல்ட்டின் பெயரைச் சொல்லாது. சென்சாரை ஆர்டர் செய்வதற்கு முன், இன்ஜின் ஓடும்போது அதன் எர்த் ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவ் தண்டுக்கும் இடையே மீட்டரை வைத்தால், நல்ல வண்டியில் வோல்ட்டில் நூறில் சில பங்குதான் காட்டும். அதற்கு மேல் போனால் முதலில் எடுக்க வேண்டியது ஸ்பானரும் உப்புத்தாளும்.